மாற்றிச் சொன்ன வசனம்

ரொம்மன், ஒஸ்லோ
10 ஒக்டோபர் 2002

அன்பின் ரஞ்சி,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டிய தேவை இப்போது இல்லை. பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். போன வியாழக்கிழமை வேலைக்குப் போக ரெயில் ஏறினால், முன்னால் இருந்தவர் விரித்துப் பிடித்திருந்த பேப்பரில் அரைப் பக்கத்துக்கு நீ. கழுத்தில் சால்வை, கையில் தேத்தண்ணிக் கோப்பை. ‘இலங்கையில் பிறந்த பிரித்தானிய நாவலாசிரியரும் திரைக்கதாசிரியருமான மரியரஞ்சனி’ என்று போட்டிருந்தது. அதை வாசித்துக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அடுத்த ஸ்ரேசனில் இறங்கித் திரும்பி வந்தேன். வைத்தியசாலையில் ஒரு அம்மா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தா. அவவின் சிறுநீரகத்தில் என்ன வருத்தம் என்று டொக்டர் நோர்வேஜிய மொழியில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

என் வேலையைப் பற்றி உனக்கு விளக்கமாக எழுதியதில்லை. மொழிபெயர்த்துச் சொல்லும் எங்களை இங்கே டொல்க் என்பார்கள். வைத்தியசாலை, பொலிஸ், நீதிமன்றம், பள்ளிக்கூடம், எங்கெல்லாம் தமிழர் வாய் திறக்க முடியாமல் நிற்கிறார்களோ அங்கெல்லாம் நான் போவேன். எதையும் கூட்டவும் கூடாது, விடவும் கூடாது. இன்னொரு விதியும் இருக்கிறது. அந்த அம்மா “எனக்குப் பயமாக் கிடக்கு” என்றால், நானும் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவவுக்குப் பயமாம்’ என்று சொல்லக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தரம் ‘நான்’ என்கிறேன். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. உன்னுடைய ‘நான்’ புத்தகமாகி, படமாகி, இப்போது நோர்வேஜிய மொழியிலும் வந்திருக்கிறது. சந்தோஷம்.

புத்தகத்தை இவர் முதல் நாளே வாங்கி வந்துவிட்டார். நல்ல புத்தகம். உப்பளத்தில் வேலை செய்யும் அந்தப் பெண் மனதில் நிற்கிறாள். இரண்டு பிழை மட்டும் கண்ணில் பட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கார்த்திகை மாதத்தில் உப்பு அள்ளுகிறார்கள். கார்த்திகை மழையில் உப்பு எங்கே விளையும்? மற்றது, பெரிய சண்டை நடந்த பிறகு அவள் புருஷனோடு ஒரு முழுப் பக்கம் கதைக்கிறாள். எங்கள் பெண்கள் அந்த நேரத்தில் கதைக்க மாட்டார்கள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உனக்கு வசனத்தைக் குறைக்க எப்போதுமே மனம் வராது. பள்ளிக்கூடத்தில் ரேடியோவுக்கு நாடகம் எழுதியபோதும் நான்தானே உன்னுடையதை எல்லாம் வெட்டுவது. ‘மலர்ரஞ்சனி’ என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெயர் வைத்தோமே, அந்த முப்பது பக்க நாடகத்தில் வசனம் முழுக்க என்னுடையது, காட்சிகள் உன்னுடையவை.

பேப்பரில் நீ லண்டனுக்குப் போன பிறகு ஒரு மாலை வகுப்பில்தான் எழுதத் தொடங்கியதாகப் போட்டிருக்கிறது. பேப்பர்க்காரர் பிழையாக எழுதியிருப்பார்கள் என்று இவர் சொல்கிறார்.

அன்புடன்,
வசந்தமலர்


லண்டன்
2 நவம்பர் 2002

என் அன்பு வசந்தி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பதில் எழுதவும் மூன்று நாளாகிறது. எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரிக்காதே. இப்போது நான் தமிழ் எழுதுவது உனக்கு மட்டும்தான். மகன் நிலன் மான்செஸ்ரரில் படிக்கிறான். ரெலிபோனில் ஆங்கிலத்தில்தான் கதைப்பான். அவனுடைய அப்பா பிரிந்து போய் ஆறு வருஷம். ஆகவே வீட்டில் கதைக்கத் தேவை வருவதே குறைவு.

படத்தில் வரும் சால்வையையும் கோப்பையையும் நம்பாதே. விடிய ஐந்து மணிக்குச் சமையலறை மேசையில் குந்தினால் பத்து மணி வரை எழுத்து. பிறகு சினிமாக்காரரின் அலுவலகம். போன படத்துக்குப் பதினொரு தரம் திருப்பி எழுதினேன். அம்மா பாத்திரம் பத்தாம் பக்கத்துக்குள் சாக வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்னார். வசந்தி, நான் சரியென்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவைக் கொன்றுவிட்டு எழும்பித் தேத்தண்ணி போட்டேன். அதுதான் எனக்குக் கவலை.

கார்த்திகை உப்பு என் பிழைதான். எட்டுப் பேர் திருத்திப் பார்த்த புத்தகத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. சோறு போடுவதைப் பற்றி நீ எழுதியது என்னை விடவே இல்லை. புதுத் திரைக்கதையில் ஒரு சண்டைக் காட்சி இருந்தது. முழுப் பேச்சையும் எடுத்துவிட்டு, அவளைச் சோறு மட்டும் போட வைத்தேன். இயக்குநர் அடுத்த நாளே கூப்பிட்டு, இந்தப் படத்தில் மிக நல்ல காட்சி இதுதான் என்றார்.

இப்போது முக்கியமான விஷயம். வருகிற மார்ச் மாதம் உங்கள் நகர நூலகத்தில் கூட்டம் வைக்க என் நோர்வேப் பதிப்பகத்தார் அழைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன். நான் தமிழில் கதைப்பேன், வசந்தமலர் மொழிபெயர்க்க வேண்டும். உன்னை அனுப்பும் அலுவலகத்துக்கு அவர்களே எழுதுவார்கள். பதினாறு வருஷத்துக்குப் பிறகு உன்னைப் பார்க்கப் போகிறேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

உன்,
ரஞ்சி


ரொம்மன், ஒஸ்லோ
24 நவம்பர் 2002

அன்பின் ரஞ்சி,

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வேலை வந்தால் மறுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வருவேன்.

இந்த ஊரில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ ஆங்கிலத்தில் கதைத்தால் ஒருவருக்கும் ஒரு குறையும் வராது. நீ தமிழில் கதைப்பது பின் வரிசையில் இருக்கப் போகும் முப்பது தமிழருக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. எனக்காக என்றால், ரஞ்சி, நான் ஒன்றும் மேடை ஏற ஏங்கிக்கொண்டு இருக்கவில்லை.

சோற்றுக் காட்சியை இயக்குநர் பாராட்டியதை எழுதியிருந்தாய். அது யார் சொன்னது என்று அவருக்குச் சொன்னாயா என்று இவர் கேட்டார். இல்லை, இவர் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

வீட்டில் இப்போது உன் ஆட்சிதான். இவர் உன் புத்தகத்தை வரவேற்பறைத் தட்டில் முகம் தெரியும்படி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். காட்டிவிட்டு, “இவவும் எழுதியிருக்கலாம்” என்று என்னைப் பார்த்துச் சொல்வார். பெரிய வீடாகப் பார்த்து வாங்கியிருக்கலாம் என்று சொல்கிற மாதிரி. மகள் துஷாராவுக்குப் பதினாறு வயது. சினிமாவுக்குப் படிக்கப் போகிறாளாம். உன் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, ரஞ்சி அன்ரி ஒன்றையும் பாராமல் விட்டதில்லை என்றாள். பதினாறு வருஷமாக நான் அவளுக்கு முன்னால்தான் நடமாடுகிறேன். என்னைப் பற்றி அவள் அப்படி ஒரு வசனம் சொன்னதில்லை.

கூட்டத்தன்று இரண்டு மூன்று வசனத்துக்கு ஒரு தரம் நிறுத்து. என்னைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்துக் கதை. நீ ‘நான்’ என்று சொல்வதை நானும் ‘நான்’ என்றே சொல்வேன். சிரிக்காதே.

அன்புடன்,
வசந்தமலர்


லண்டன்
4 ஏப்ரல் 2003

என் அன்பு வசந்தி,

வந்து மூன்று கிழமையாகிவிட்டது. இன்னும் உன் வீட்டு இறால் குழம்பு வாயில் நிற்கிறது. உன் கை மணம் மாறவில்லை. நீதான் கொஞ்சம் மாறிவிட்டாய் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாய். கூட்டம் முடிந்து கையை மட்டும் தந்தாய். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுப் பதிப்பகத்துப் பெண் உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையை ஆங்கிலத்தில் சுருக்கி அனுப்பியிருந்தா. நல்ல கட்டுரை. நோர்வே நடுவில் நின்று இலங்கைச் சமாதானப் பேச்சு நடக்கிற நேரம் என்பதால் மண்டபம் நிறைந்திருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு இடம் எனக்கு விளங்கவில்லை. யாரிடம் எழுதக் கற்றாய் என்ற கேள்விக்கு, நான் தனியாகவே கற்றேன், பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை என்று பதில் சொன்னேனாம். கட்டுரைக்குத் தலைப்பே அந்தத் தனிமைதான்.

நான் அப்படியா சொன்னேன்? என் தமிழ் அவ்வளவுக்குக் கெட்டுப்போய்விட்டதா? நான் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “என்ரை முதல் வசனங்களை நான் எழுதேல்லை. இஞ்சை எனக்குப் பக்கத்திலை இருந்து மொழிபெயர்க்கிறாவே, இவதான் எழுதினவ. ரெண்டு பேருக்கும் அப்ப பதினேழு வயசு.” அதைச் சொல்லத்தான் நான் ஒஸ்லோவுக்கே வந்தேன், வசந்தி. விமானத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் நினைவுக்கு வருகிறது. நீ அதை மொழிபெயர்த்த பிறகு நோர்வேக்காரர் ஒருவரும் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்த துஷாரா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் தமிழ்ச் சங்கத்துத் தில்லைநாதன் ஐயா, “பிள்ளை, டொல்க் ஏன் அதை விட்டவ?” என்று கேட்டார். ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

கூச்சத்தில் விட்டுவிட்டாயா? பதற்றமா? எதுவென்றாலும் எழுது. எனக்குக் கோபம் இல்லை.

உன்,
ரஞ்சி


ரொம்மன், ஒஸ்லோ
20 ஏப்ரல் 2003

ரஞ்சி,

கூச்சமும் இல்லை, பதற்றமும் இல்லை. தெரிந்துதான் மாற்றிச் சொன்னேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மேடையில் உனக்குக் கை வைத்த கதிரை. எனக்கு அதன் பக்கத்தில், ஒரு அடி பின்னால், சின்னக் கதிரை. அது வழக்கம்தான். முக்கால் மணித்தியாலம் உன் வசனங்களை ஒரு குறையில்லாமல் சொன்னேன். நீ சிரிக்க வைத்த இடத்தில் நானும் சிரிக்க வைத்தேன். ஒரு கட்டத்தில் அந்த ‘நான்’ என்னுடையதே என்று தோன்றத் தொடங்கியது. விடிய எழும்பி எழுதுகிறவள் நான். பதினொரு தரம் திருத்தியவள் நான். இருநூறு பேர் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான முக்கால் மணித்தியாலம் வந்ததில்லை என்றால் நம்புவாயா?

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். விதிப்படி நான் என்ன சொல்ல வேண்டும்? ‘என் முதல் வசனங்களைப் பக்கத்தில் இருக்கும் இவர் எழுதினார்’ என்று என் வாயாலேயே என்னைக் காட்டிச் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் திரும்பி, சின்னக் கதிரையில் இருக்கும் டொல்க்கைப் பார்த்து, பாவம் என்று கை தட்டியிருப்பார்கள். அடுத்த கேள்வி என்னவாக இருந்திருக்கும்? பிறகு அவர் என்ன எழுதினார் என்பதுதான். அதற்கு நான் யாருடைய ‘நான்’ இல் பதில் சொல்வது?

அது ஒரு காரணம். மற்றதையும் சொல்லிவிடுகிறேன். உன் முதல் புத்தகம் வந்து எட்டு வருஷம். அன்றிலிருந்து உன் ஆங்கிலப் பேட்டிகள் எல்லாவற்றையும் தேடி வாசித்திருக்கிறேன். கொம்பியூட்டரில் எடுத்துத் தந்தது துஷாரா. ஒன்றில்கூட நான் இல்லை. எல்லாவற்றிலும் அந்த மாலை வகுப்புத்தான் இருக்கிறது. லண்டனில், ஆங்கிலத்தில், உன்னை மதிக்கிறவர்களுக்கு முன்னால் சொல்லாததை ஒஸ்லோவில், தமிழில், நானே சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கும்படி சொன்னாய். நான் சொன்னது உன்னுடைய வசனம்தான், ரஞ்சி. நீ எட்டு வருஷமாகச் சொல்லி வருகிற வசனம்.

எனக்குப் பொறாமை. இவ்வளவு காலமும் இந்தச் சொல்லை எழுதாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கார்த்திகை உப்பைக் கண்டுபிடித்த நாள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

துஷாரா அன்றைக்கு ரெயிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அம்மா, நீங்கள் ஆஸ்பத்திரியிலையும் இப்பிடி மாத்திச் சொல்லுறனீங்களோ?” இல்லை என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் நானே சொன்னேன். தில்லைநாதன் ஐயா முறையிடுவார் என்று பயந்து இல்லை. அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு என்னைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இப்போது லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. படுக்கை விரிக்கிறேன், வாயில் சாப்பாடு தீத்துகிறேன். ‘நான்’ என்று சொல்ல வேண்டிய தேவையில்லாத வேலை.

மன்னிப்புக் கேட்கிறேன். உன் வாயில் பொய்யை வைத்தேன். அது உன்னுடைய பொய்யாகவே இருந்தாலும், அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

வசந்தமலர்


லண்டன்
28 செப்டெம்பர் 2003

வசந்தி,

ஐந்து மாதம் பதில் எழுதவில்லை. முதல் இரண்டு மாதமும் கோபம். அதற்குப் பிறகு கோபம் இருக்கவில்லை. எழுதத் தொடங்கினால் உண்மையை எழுத வேண்டி வருமே என்ற பயம்தான்.

ஏன் ஆங்கிலத்தில் உன் பெயரைச் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முதல் பேட்டியில் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்ததில் மறக்கவில்லை. சொன்னால் யாராவது உன்னைத் தேடி வருவார்கள் என்று யோசித்தேன். எங்கே அந்த மற்றப் பெண் என்று கேட்பார்கள். வருவார்கள், நீ எழுதத் தொடங்குவாய். நீ எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் காட்சியை இழுத்து இழுத்துக் கட்டுகிறவள். நீ ஒரு வசனத்தில் முடித்துவிடுவாய். சோற்றுக் காட்சிக்கு லண்டனில் எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். ஒவ்வொரு பாராட்டும் எனக்கு அடி. பொறாமை உன்னிடம் மட்டும்தான் இருந்தது என்று நினைக்காதே. நீ ஒஸ்லோவில் வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதம் வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒஸ்லோவில் தமிழில் சொன்னதும் அதனால்தான். சொன்னதாகவும் இருக்கும், லண்டனுக்கு வந்து சேராமலும் இருக்கும். நீ பிடித்துவிட்டாய்.

இத்துடன் ஒரு பேப்பர்த் துண்டு வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள பெரிய பேப்பரில் வந்தது. உன் முழுப் பெயர், ஊர், நாங்கள் எழுதிய ரேடியோ நாடகம், அந்தச் சோற்றுக் காட்சி எல்லாம் இருக்கிறது. ஆங்கிலத்தில். தயாரிப்பாளருக்கும் எழுதிவிட்டேன். அந்தப் படத்தின் இனி வரும் பிரதிகளில் உன் பெயரும் இருக்கும். அடுத்த திரைக்கதையை இரண்டு பேரும் சேர்ந்து எழுதலாமா என்றும் கேட்கிறேன். மலர்ரஞ்சனி என்ற பெயரிலேயே எழுதலாம். நீ வசனம், நான் காட்சி.

சம்மதம், ஓம் என்று எழுது.

ரஞ்சி


ரொம்மன், ஒஸ்லோ
19 ஒக்டோபர் 2003

அன்பின் ரஞ்சி,

பேப்பர்த் துண்டு கிடைத்தது. இவர் கண்ணாடிச் சட்டம் வாங்கி வந்துவிட்டார். நான் துண்டை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். துஷாரா வாசித்துவிட்டு என் தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

இந்த நாளுக்காக எட்டு வருஷம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். வாசித்தேன். பெயர், ஊர் எல்லாம் சரி, ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. ஒரு நாள் முழுக்க இல்லத்தில் படுக்கை விரித்துக்கொண்டே ஏன் என்று யோசித்தேன். நீ என்னிடமிருந்து எடுத்தது முப்பது பக்கமும் ஒரு சோற்றுக் காட்சியும். அதைத் திருப்பித் தந்துவிட்டாய். ஆனால் நான் எழுதாமல் விட்ட இருபது வருஷத்தை நீ எடுக்கவில்லை. அதை உன்னிடம் கேட்டு வாங்க முடியாது. அவ்வளவு காலமும் ஐந்து மணிக்கு நீ எழும்பியிருக்கிறாய், நான் எழும்பவில்லை. அதற்கு ஒருவர் மேலும் குற்றம் சொல்ல முடியாதே என்பதால்தான் உன் மேல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ பயந்ததை எழுதினாய். அதை வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சிரிப்பு வந்தது. என்னை நினைத்து லண்டனில் ஒருத்தி பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். பேப்பர்த் துண்டு தராத சந்தோஷத்தை அந்த ஒரு பந்தி தந்தது.

சேர்ந்து எழுதக் கேட்டாய். இல்லை, ரஞ்சி. கோபத்தில் சொல்லவில்லை. நீ காட்சி கட்டினால் நான் அதற்குள் இருந்து கதைக்கத் தொடங்கிவிடுவேன். கதைப்பது எனக்கு வரும், நன்றாகவே வரும், ஆனால் அது திரும்பவும் இன்னொருவருடைய ‘நான்’ ஆகத்தான் இருக்கும். அலுவலகம் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. கிழமையில் மூன்று நாள் மட்டும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற இரண்டு நாளும் வீட்டில், மேசையில். எழுதுவது எப்படி இருக்கிறது என்று கேட்காதே. இப்போதைக்கு அசிங்கமாக இருக்கிறது. காட்சி கட்டத் தெரியவில்லை. சனங்கள் நின்று கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் அறையை விட்டு வெளியே போவதில்லை.

ஒரு விஷயம் கேட்கிறேன். கொஞ்சக் காலத்துக்கு எனக்குக் கடிதம் போடாதே. உன் கடிதம் வந்தால் நான் பதில் எழுதுவேன். மூன்று நாள் மனதுக்குள் வசனம் வசனமாகத் திருத்தி, வெட்டி, நல்லதாக எழுதுவேன். இத்தனை வருஷமும் எனக்கு வந்த நல்ல வசனம் எல்லாவற்றையும் உனக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். பிறகு மேசையில் குந்தினால் எழுத ஒன்றும் மிச்சம் இருக்காது.

எவ்வளவு காலம் என்று தெரியாது. உன் அடுத்த படம் வந்தால் தியேட்டரில் பார்ப்பேன். பொறாமையோடுதான் பார்ப்பேன், அது அவ்வளவு கெதியில் போகாது. உடம்பைப் பார்த்துக்கொள். மகனோடு தமிழில் கதைத்துப் பார்.

இப்படிக்கு,
வசந்தமலர்